கரமனைப் பாலம் தாண்டினால் மலையாளம்

போன வாரம் பெங்களூரிலிருந்து என் மகள் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். அலுவலகத் தோழிகள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் சுற்றிப் பார்க்க வருகிறாளாம். பூங்கா, தோட்டம், கடற்கரை என்று வெயில் படும் இடங்களாகப் பத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். சங்குமுகம் இருந்தது, வேளிக் காயல் இருந்தது, கனகக்குன்னுப் புல்வெளி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே மியூசியம் தோட்டமும் அதை ஒட்டிய மிருகக்காட்சி சாலையும். 'ஒரு மணி நேரம் போதும்' என்று யாரோ அதன் பக்கத்திலேயே குறித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனைக் கீழே வைப்பதற்குள் நீர்யானைத் தொட்டியின் வாசனையும் வந்துவிட்டது. வாசனை என்று சொன்னால் அந்தத் தொட்டியோரம் நின்றவர்கள் என்னை அடிக்க வருவார்கள். இருந்தாலும் எனக்கு அது வாசனைதான்.

எங்கள் ஊர் பெருங்கடவிளை. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காலத்தில் திருவனந்தபுரம் என்றால் ஆஸ்பத்திரி, செக்ரட்டேரியட், காழ்ச்சபங்களா. மிருகங்களும் மியூசியமும் மரங்களும் சேர்ந்த அந்த வளாகம் முழுவதற்கும் எங்கள் பெரியவர்கள் வைத்திருந்த பெயர் அது. மதுரையிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் காழ்ச்சபங்களா. பரீட்சையில் ஜெயித்தால் காழ்ச்சபங்களா. அந்தப் புலி என்னைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருக்கும்.

அங்கே நடந்த இன்னொரு காரியத்தை எந்தப் பட்டியலிலும் போட மாட்டார்கள். பெண் பார்ப்பது. வீட்டில் பெண் பார்த்தால் ஊருக்கே தெரியும். சரிப்படாமல் போனால் அதுவும் ஊருக்கே தெரியும். ஆகவே இரண்டு மூன்று தடவை தட்டிப்போன பெண்களை மியூசியம் தோட்டத்துக்குக் கொண்டுபோய், தற்செயலாக எதிர்ப்பட்டது போலக் காட்டுவார்கள். எனக்கு நான்கு தட்டியிருந்தது. ஒருவருக்கு நிறம் போதவில்லை, ஒருவருக்கு உயரம் அதிகம். மற்ற இரண்டு பேர் காரணம் சொல்லும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது எனக்கு வயது இருபத்தேழு. நகரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். இந்த ஐந்தாவது இடமும் அமையாவிட்டால் அடுத்த மாதமே மாமா கொண்டுவந்த வளைகுடா மாப்பிள்ளை என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவர்களுக்கு என்னைப் பிடித்திருந்தது, என் வேலையைத்தான் பிடிக்கவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மணவறையில் உட்கார வேண்டும். பரீட்சை எழுதி, மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய வேலை அது. அந்த நாற்காலியை விட்டு எழும்ப எனக்கு மனசே இல்லை. இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஐந்தாவது இடம் பனச்சமூடு. தரகர் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது: "நல்ல குடும்பமாக்கும். வீட்டில தமிழ் மட்டும்தான் பேச்சு." அடையாளத்துக்குப் போட்டோ கொடுத்திருந்தார். என் போட்டோவில் மூக்குக் கண்ணாடி கிடையாது. ஸ்டூடியோ வாசலிலேயே அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் போட்டோவில் தலைமுடி அலையலையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, பாண்டு வாசிக்கும் மண்டபத்துக்கு எதிரே, மழைமரத்தடி பெஞ்சு. தரகர் தானே வந்து அறிமுகம் செய்து வைப்பதாக ஏற்பாடு.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் தமிழ் பேசுவார். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் பாதிக்குப் பாதி. பாலராமபுரத்தில் தமிழ் மெலியும். நகரத்துக்குள் நுழையும் கரமனைப் பாலம் தாண்டிவிட்டால் எங்களிடம்கூட மலையாளம்தான். சிறு வயதில் நகரத்து ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாள், யாரோ அவரைத் தமிழன் என்பதற்காகப் 'பாண்டி' என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்குத் தொடங்கியது. ஆயுள் முழுக்க ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருவராகவும் அந்தப் பக்கம் வேறொருவராகவும் இருந்தார். நான் கேலி செய்வேன். அந்த முதல் நாள் எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாள்கூட அவரிடம் கேட்டதில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் ஆஜர். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு பெரியவர், அவர் மனைவி, மகன் என்று மூன்று பேர் வந்தார்கள். மகனுக்கு நெற்றி உச்சி வரைக்கும் போயிருந்தது.

"சாறே, இவிடெ ஆளுண்டோ?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்ல, இரிக்கணம்" என்று அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார்.

வீடு எங்கே என்று அவர் கேட்டதற்கு, "இவிடெ அடுத்தா" என்றார் அப்பா. அவரும் "ஞங்ஙளும் அடுத்தா" என்றார். இரண்டு பேருக்கும் இங்கே பக்கத்தில்தான். முப்பது கிலோமீட்டர் பக்கம். உண்மையான திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் அந்த வழியாகப் போயிருந்தால் முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்திருப்பார். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே உச்சரிப்பு, ஒரே இடத்தில் நாக்கு தடுக்கியது. ஆகவே இரண்டு பேர் காதுக்கும் அது சுத்தமான நகரத்து மலையாளமாகவே கேட்டது.

ரப்பர் விலை பேசினார்கள், மழை பேசினார்கள். பத்தரை ஆயிற்று. தரகரையும் காணோம், தமிழ் பேசும் குடும்பத்தையும் காணோம். அந்த நேரம் பார்த்து உரத்த தமிழில் பேசிக்கொண்டு ஒரு கூட்டம் வந்து புல்லில் உட்கார்ந்தது. அப்பா சாவதானமாக எழுந்துபோய் அவர்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முகம் வாடித் திரும்பினார். கோவில்பட்டிக்காரர்களாம், டூர் வந்தவர்கள். அவர் உட்கார்ந்ததும் அந்தப் பெரியவர் எழுந்துபோய் ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டு உள்ளூர்க்காரர்கள் மாறி மாறி வந்து தங்களை மோப்பம் பிடித்ததைக் கோவில்பட்டிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, கைப்பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"ஒரு சுத்து சுத்தீட்டு வாறேன்" என்று அம்மாவின் காதில் சொல்லிவிட்டு, டிக்கெட் எடுத்து மிருகக்காட்சி சாலைக்குள் போனேன். மனசில் வளைகுடாவின் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கால் தானாக நீர்யானைத் தொட்டிக்குப் போயிற்று. அது எனக்கு ஆறு வயதிலிருந்தே சிநேகிதி. அன்றைக்கு ஏனோ முதுகைக் காட்டிக்கொண்டு கரையேறி நின்றது. பிறகு வாலை விசிறி போலச் சுழற்றி, சுழற்றும்போதே சாணியும் போட்டது. என் புதுச் சேலையில் முழங்கால் வரை தெறித்தது.

"எக்க அம்மோ, எளவு" என்று என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"பின்னால தள்ளி நில்லுங்க. அதுக்கு வால் நிக்கல்ல. இன்னும் உண்டு" என்று பக்கத்தில் ஒரு தமிழ்க் குரல். திரும்பிப் பார்த்தால் பெஞ்சுக்காரருடைய மகன்.

நான் முழித்தேன். "தமிழா?"

"பனச்சமூடு" என்றார்.

பெண் பார்க்க வந்தவரிடம் முதலில் என்ன பேச வேண்டும் என்று அம்மா சொல்லித்தந்திருந்தாள். நான் கேட்டது வேறு. "மண்டையில முடி எங்க?"

"போட்டோவில பத்திரமா இருக்கு" என்றார் அவர். "உங்களுக்க கண்ணாடி?"

"அம்மைக்க பையில இருந்துது. போட்டோ எடுத்த அன்னைக்கு மட்டும்."

அவர் மிருக ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். மாட்டுக்கு ஊசி போடுகிறவருக்கு வாலின் போக்கு தெரியாமலா இருக்கும்? குழாயடியில் நின்று சேலையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டேன். "கல்யாணம் களிஞ்சா வேலைய விடச் சொல்லுவேளா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்க சம்பளத்தப் பாத்தா நீங்களே விடமாட்டிய. விடண்டாம்னு நான் கெஞ்சணும்னாலும் கெஞ்சுகேன்."

எனக்கு அங்கேயே பசித்தது. அவர் வறுத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கித் தந்தார். உடனே போய்ச் சொல்லிவிடுவோமா என்று நான் கேட்டதற்கு, ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். பிறகு மான். பிறகு பறவைகள். சொல்லப்போனால், யாருக்கும் தெரியாமல் யாரோடோ ஊர் சுற்றியது என் வாழ்க்கையில் அந்த முக்கால் மணி நேரம்தான். அதுவும் அப்பா பார்த்த மாப்பிள்ளையோடு.

திரும்பி வந்தபோது பெஞ்சில் நிலைமை முற்றியிருந்தது. இரண்டு அப்பாக்களும் நெருங்கிய சிநேகிதர்களாகி, வராத குடும்பத்தைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். இந்த எல்லைப்புறத்து ஆட்களுக்கு நேரம் காலம் தெரியாது என்றார் பெரியவர். சொன்ன வாக்குக்கு மதிப்பும் தெரியாது என்றார் அப்பா. இப்படிப்பட்டவர்கள் வீட்டுத் திண்ணையில் கூடக் கால் வைக்கக் கூடாது என்று இரண்டு பேரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். எல்லாம் மலையாளத்தில். அப்பா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்த எழுந்திருப்பு எனக்குத் தெரியும். அப்படி எழுந்தால் முடிந்தது என்று அர்த்தம். அம்மா மட்டும் நேந்திரங்காய் உப்பேரி டப்பாவின் மூடியைக் காணவில்லை என்று பெஞ்சுக்கடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் அவமானத்தில் எதிரெதிர்த் திசையில் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் எனக்கு வளைகுடா. கையில் கடலைப் பொட்டலம் கசங்கிவிட்டது.

அப்போதுதான் மாப்பிள்ளை, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, தன் அப்பாவிடம் மலையாளத்திலேயே சொன்னார்: வராதவர்கள் வரவேண்டாம். இந்தச் சாருக்கும் ஒரு மகள் இருக்கிறாளே, கேட்டுப் பார்த்தால் என்ன?

பெரியவர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நகரத்து மாப்பிள்ளை வலிய வந்து கேட்கிறானே. குடையைக் கீழே வைத்தார். ஜாதகம் பார்ப்பதில் ஆட்சேபமில்லையே என்றார். ஒன்றுமில்லை என்றார் பெரியவர். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கைப்பையைத் திறந்தார்கள்.

அப்பா நீட்டிய காகிதத்தைப் பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஏற்கெனவே வெளியே எடுத்த இன்னொன்றைப் பார்த்தார். இரண்டும் ஒரே கையெழுத்து, என் அப்பாவின் உருண்டைத் தமிழ் எழுத்து. என் பெயர், என் நட்சத்திரம். தரகர் வழியாக முந்தின மாதம் அவர்களுக்குப் போனது.

அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. இனித் தமிழில்தான் பேசுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். பெரியவர் தொண்டையைச் செருமினார். "அப்போள் சாறே... சிங்ஙத்தில் நடத்தாமல்லோ?" ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமே என்று மலையாளத்தில். அப்பாவும் மலையாளத்திலேயே சம்மதித்தார்.

அம்மாவுக்கும் என் மாமியாருக்கும் பத்தேகால் மணிக்கே தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேர் பையிலிருந்தும், எல்லைப்புறத்துத் தமிழ் வீடுகளின் பலகாரமான முந்திரிக்கொத்து வெளியே வந்தவுடனே புரிந்துவிட்டதாம். "பின்ன ஏன் சொல்லல்ல?" என்று சண்டைக்குப் போனேன்.

"நாலு கூட்டம் வந்து நம்மளப் பாத்துட்டுப் போச்சு" என்றாள் அம்மா. "ஒரு தடவ நாம அவங்களப் பாக்கண்டாமா மக்கா?"

தரகர் இடத்தை மாற்றி நினைத்துக்கொண்டு அன்று முழுவதும் வேளிப் பூங்காவில் எங்களுக்காகக் காத்திருந்துவிட்டுக் கோபமாக வீட்டுக்குப் போயிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சம்பந்திகள் இருவரும் அதற்குப் பிறகும் மலையாளத்தை விடவில்லை. மற்ற எல்லாரிடமும் தமிழ். ஒருவர் முகத்தை மற்றவர் கண்டதும் மலையாளம். ஓணத்துக்கு, பொங்கலுக்கு, என் மகள் பிறந்தபோது, எங்கள் முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்து, "சாறே", "சாறே" என்று ஆபீஸ் கடிதம் போலப் பேசுவார்கள். என் மகள் சிறுவயதில் ஒரு தாத்தா தமிழ் தெரியாதவர் என்றே நினைத்திருந்தாள். எந்தத் தாத்தா என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். நானும் என் கணவரும் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

இருபது வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்தது. பேச்சு மெல்லத் திரும்பியபோது தமிழ் மட்டும் வந்தது. மலையாளம் வரவில்லை. சிலருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். சம்பந்தி பார்க்க வருகிறார் என்று சொன்னதும் அப்பா கண்ணை மூடித் தூங்குவது போலக் கிடந்தார்.

அவர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சாறே, எங்ஙனெயுண்டு?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "கை பொங்கமாட்டேங்கு" என்றார், தூக்க வராத வலது கையைப் பார்த்தபடி. அவர்களுக்குள் முதல் தமிழ் அது.

பெரியவர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதைத் தடவிக்கொண்டே சொன்னார். "எனக்கும் அந்த மலையாளம் வலிய பாடாக்கும் அண்ணாச்சி. நீங்க முதல்ல விடுவியன்னு பாத்துட்டே இருந்தேன்."

"நானும்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் தினமும் பனச்சமூட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். தமிழில் பேசித் தீரவில்லை அவர்களுக்கு. ஆபீசில் 'பாண்டி' என்று கேட்ட அந்த முதல் நாளை அப்பா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவுக்கு வெளியே நின்று நானும் கேட்டேன். பதினேழு நாள். பதினெட்டாம் நாள் அப்பா இல்லை. அடுத்த வருஷம் என் மாமனாரும் போய்விட்டார்.

அந்த நீர்யானையும் இப்போது இருக்காது. கடலைப் பொட்டலத்துக்குப் பதில் பளபளக்கும் பாக்கெட்டுகள் வந்துவிட்டன. மழைமரத்தடியில் அந்தப் பெஞ்சு இருந்த இடத்தைப் போன தடவை தேடியும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் முன்னறையில் அந்த இரண்டு நாற்காலிகள் மட்டும் இன்னும் எதிரெதிரே கிடக்கின்றன.

மகளுக்குப் பதில் அனுப்பினேன். 'மியூசியத்துக்கு ஒரு மணி நேரம் போதும். எனக்குப் போதுமா இருந்தது. நீர்யானைக்குப் பின்னால நிக்காதே. பெஞ்சில பக்கத்துல யாராவது வந்து இருந்தா, தமிழ்ல பேச்சைத் தொடங்கிரு. அவங்க தொடங்கட்டும்னு வச்சிட்டிருக்காதே.'