முப்பதோட நிறுத்துங்க!

ஓடத் தெரியாதவங்களை ஓட வைக்கிறதுதான் மாரத்தான் கோச்சோட சோலின்னு நெனச்சு எறங்கினேனுங்க. எறங்கினப்பறம்தான் தெரிஞ்சுது, ஓடறவங்களை நிறுத்தறதுதான் நெசமான சோலி.

பி.டி. டீச்சரா ரிட்டயர் ஆயிப்போட்டு, கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல காலங்காத்தால ஒரு பேட்ச் எடுத்துக்கிட்டிருக்கேன். நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ரேஸுக்குத் தயார் பண்ற பேட்ச். என்ற சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். ஞாயித்துக்கெழமை நீள ஓட்டத்தை முப்பது கிலோமீட்டர்ல நிறுத்தணும். மெதுவா ஓடறவங்கன்னா மூணு மணி நேரத்தோட நிறுத்தணும். அதுக்கு மேல ஓடினா உடம்புல சேர்றது கொஞ்சம், கால்ல இருந்து போறது நெறைய. மிச்சத்தை ரேஸ் அன்னிக்கு ஓடிக்கலாம். இதைச் சொன்னா எவரும் நம்ப மாட்டாங்க. டியூஷன் எடுக்கறவங்க, பத்தியம் சொல்ற டாக்டருங்க, சர்க்கரையைக் குறைங்கன்னு ஊட்டுக்காரர்கிட்ட மல்லுக்கட்டற அம்மணிங்க, நீங்கெல்லாம் என்ற கட்சிதான். உங்ககிட்டத்தான் இதைச் சொல்லி அழ முடியும்.

வாரண்டி

என்ற பேட்ச்ல ஓடற சென்னியப்பன் அண்ணனுக்குக் கணபதி ஏரியாவுல பம்ப்செட் பட்டறை. மனுசன் தங்கம். ஒரு நாள் லீவு போட மாட்டார். ஆனா முப்பதுல நிறுத்தச் சொன்னா மட்டும் மூஞ்சி சுருங்கிப் போயிரும். ஒரு நாள் நேராவே கேட்டுப்போட்டார். "ஏனுங்க டீச்சர், நாங்க ஒவ்வொரு பம்ப்பையும் டெஸ்ட் பெட்ல முழு வேகத்துல ஓட்டிப் பாத்துத்தான் டெலிவரி குடுப்பம். என்னை மட்டும் முக்காவாசி ஓட்டிப்போட்டு ரேஸுக்கு அனுப்பறீங்களே, இது ஞாயமுங்களா?"

எனக்கா கோவம் வராது! "ஏண்ணா, டெஸ்ட் பண்றேன்னு தண்ணியில்லாத கெணத்துல உட்டு ஓட்டுவீங்களா? மோட்டார் காயில் கருகிப் போயிராது?"ன்னு கேட்டேன். பேட்ச் மொத்தமும் அவர் வாயையே பாத்துக்கிட்டு நிக்குது. அவர் நெம்ப மரியாதையாச் சொன்னார்:

"அதுக்குத்தானுங்க டீச்சர் வாரண்டி குடுக்கறோம்."

ஆலாந்துறை மோர்

ரங்கநாயகி அக்கா உடுமலைப்பேட்டைக்காரங்க, இங்க கோயமுத்தூர் ராமநாதபுரத்துல வாக்கப்பட்டவங்க. பேட்ச்லயே மெதுவா ஓடறவங்க. அதனால அவங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கே கெடையாது. "மூணு மணி நேரம் ஆச்சுன்னா எங்க இருந்தாலும் நின்னுரணும், அக்கட்டால ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது"ன்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டேன்.

ஒரு ஞாயித்துக்கெழமை சிறுவாணி ரோட்டுல எல்லாத்தையும் ஓட உட்டேன். எல்லாரும் திரும்பி வந்தாங்க, அக்காவைக் காணோம். போனும் எடுக்கலை. ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ரோட்டோரமெல்லாம் தேடிக்கிட்டே போறேன், ஆலாந்துறையில ஒரு ஊட்டு வாசல்ல அவங்க ஷூ ரெண்டும் சோடி போட்டு நிக்குது. உள்ள போனா, அக்கா சம்மணம் போட்டுத் தோசை சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. அந்த ஊட்டம்மா என்னைப் பாத்ததும் ஒரு சொம்பு மோரைக் கையில குடுத்துப்போட்டாங்க. வேண்டாம்னு சொல்ல முடியுமா? நின்னு குடிச்சேன். குடிச்சுப்போட்டு, "திரும்பி வர்றதுக்கும் சேத்துத்தானக்கா மூணு மணி நேரம்!"னு பல்லைக் கடிச்சேன். அக்கா தோசையைக் கீழ வைக்கவே இல்லை.

"அதை நீங்க சொல்லவே இல்லீங்களே டீச்சர், டைம் முடிஞ்சப்ப நான் இவங்க வாசல்ல இருந்தேன், நின்னுபோட்டேன்."

சிரிக்காதீங்க. சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே ஆளு அவங்கதான்.

மேனேஜர் சாரின் புது விசில்

மேனேஜர் சார்னு நாங்க கூப்பிடறவர் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர். மொதல்ல என்ற பேட்ச்லதான் இருந்தார். முப்பது பத்தாதுன்னு சண்டை போட்டுக்கிட்டுப் போய், அதே ரேஸ்கோர்ஸ்ல எதிர்ப்பக்கமா சொந்தமா ஒரு பேட்ச் ஆரம்பிச்சார். ரேஸுக்கு முன்னால நாப்பத்திரண்டையும் ஒருக்கா ஓடிப் பாத்தே ஆகணும்ங்கறது அவர் சட்டம். என்ற பேட்ச்ல பாதி அந்தப் பக்கம் போயிருச்சு. அவர் கழுத்துல பளபளன்னு ஒரு புது விசில் வேற.

ஒரு நாள் ரெண்டு பேட்சும் நிக்கறப்ப, "டீச்சரம்மா ஸ்கூல் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரியே சொல்லிக் குடுக்கறாங்க, இது மாரத்தானுங்க"ன்னு எகத்தாளமாச் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. என்ற விசிலைக் கையில புடிச்சேன். ஸ்கூல்ல இருந்து வர்றப்ப நான் கொண்டு வந்தது இது ஒண்ணுதான். இது கழுத்துல கெடந்தாத்தான் நான் நானு. "என்ற ஆளுங்கள்ல ஒருத்தர் ரேஸ்ல பாதியில நின்னாலும் இந்த விசிலைக் கழட்டிப்போடறேன். அப்பறம் ரேஸ்கோர்ஸ் பக்கமே வர மாட்டேன்"னேன். சொல்லி முடிச்சப்பறம்தான் ரங்கநாயகி அக்கா ஞாபகம் வந்துது. அவங்க என்ற காதுகிட்ட வந்து கேட்டாங்க:

"ஏனுங்க டீச்சர், என்னை வெச்சுக்கிட்டா இப்படிச் சொல்லிப்போட்டீங்க?"

சரிங்க

எங்கூர்ல யாரும் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க, அது மரியாதை இல்லை. "சரிங்க"ம்பாங்க. சரிங்கன்னா, நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். வெளியூர்ல இருந்து வந்து இங்க கோச்சிங் எடுக்கறவங்க இதை மொதல்ல கத்துக்கணும்.

ரேஸுக்கு மூணு வாரம் இருக்கறப்ப, "இனிமேல் தூரத்தைக் குறைக்கணும், யாரும் கள்ளத்தனமா ஓடக் கூடாது"ன்னு சொன்னேன். எல்லாரும் "சரிங்க டீச்சர்"னாங்க. சென்னியப்பன் அண்ணன் மட்டும் ரெண்டு தரம் சொன்னார். அப்பவே எனக்குச் சந்தேகந்தான். திங்கக்கெழமை பாத்தா, மனுசன் ரேஸ்கோர்ஸ் படி எறங்கறதுக்குக் கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு காலா வைக்கறார். என்னண்ணா ஆச்சுன்னேன்.

"பட்டறையில சித்த இடிச்சுக்கிட்டேனுங்க டீச்சர், வேற ஒண்ணுமில்லீங்க."

கழட்டறது யாரு

ரேஸ் அன்னிக்கு முடியற கோட்டுக்கிட்ட நின்னேன். என்ற ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. கடேசியில, வெயில் ஏறினப்பறம், ரங்கநாயகி அக்கா வந்தாங்க. மூஞ்சியெல்லாம் உப்பு, ஆனா கால் மட்டும் காலையில கெளம்பின மாதிரியே எட்டுப் போட்டுக்கிட்டிருக்கு. கோட்டைத் தாண்டி நாலடி போய், "இப்ப நிக்கலாமுங்களா?"ன்னு கேட்டாங்க. கட்டிப் புடிச்சு அழுதுபோட்டேன். வெக்கமெல்லாம் இல்லை.

அப்பத்தான் சென்னியப்பன் அண்ணன் வந்தார். ஓடி வரலை. யாரோ ஒரு தம்பி ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிக்கிட்டு வந்தான். பாதி தாண்டறதுக்குள்ளயே தொடை ரெண்டும் கல்லாப் புடிச்சுக்கிச்சாம். மேனேஜர் சார் தயாரா அங்கயே நிக்கறார். "டீச்சரம்மா, சொன்னது ஞாபகம் இருக்குங்களா?"ன்னார்.

"இருக்குது. சொன்னாச் சொன்னதுதான், கழட்டறேன். ஆனா முப்பதோட நிறுத்தச் சொன்னது தப்புன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன். நாளைக்கு எவரு கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்"னு சொல்லிப்போட்டு, விசில் கயித்தைத் தலைக்கு மேல தூக்கினேன். கண்ணுல தண்ணி வந்தாலும் அவர் மூஞ்சியை நேராத்தான் பாத்தேன்.

"அட, இருங்க டீச்சர்!" சென்னியப்பன் அண்ணன் ஸ்கூட்டரைப் புடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கப் பாத்தார், முடியலை. உக்காந்தபடியே மேனேஜர் சார் பக்கம் திரும்பினார். இத்தனை வருசத்துல அந்த மனுசன் கொரலை ஒசத்தி நான் கேட்டதே இல்லை. அன்னிக்கு ரேஸுக்கு வந்த கூட்டமே கேட்டுச்சு:

"மூணு வாரத்துக்கு முன்னால டீச்சர்கிட்டச் சரிங்கன்னு சொல்லிப்போட்டு, சூலூர் ரோட்டுல உங்க பேட்சோட நாப்பத்திரண்டையும் ஓடினவனுங்க நான், உங்க ஆளாத்தான் இன்னிக்கு உழுந்தேன், கழட்டறதுன்னா உங்க விசிலைக் கழட்டுங்க சார்!"

இன்னைக்கும் முப்பது கிலோமீட்டர் ஆனதும் நான் விசில் ஊதறேன், எல்லாரும் "சரிங்க டீச்சர்"ங்கறாங்க, நானும் திங்கக்கெழமையானா, யாரு கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு எறங்கறாங்கன்னு பாக்கப் படிக்கட்டுக்கிட்டப் போய் நின்னுக்கறேன்.