உபைதுல்லாவின் பங்கு

ஜெய்னப் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பத்தொன்பது வயது. ஒற்றைக் கதவு. பனி தானாகக் கரைகிற வசதியெல்லாம் அதற்குக் கிடையாது. ஆனாலும் கடலூர் முதுநகரில் அந்தத் தெருவுக்கே அதுதான் பளிச்சென்ற ஃப்ரிட்ஜ். மாதம் ஒருமுறை ஷட்டவுன் வரும் நாளில், மற்ற பெண்கள் கரண்ட் இல்லையென்று வாசலில் நின்று புலம்புவார்கள். ஜெய்னபுக்கோ அன்றைக்குத்தான் வேலையே. ஃப்ரீசருக்குள் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்துவாள். பனியைக் கத்தியால் குத்திப் பெயர்க்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. சோடா உப்புத் தண்ணீரில் உள்ளெல்லாம் துடைத்து, விரலில் துணியைச் சுற்றிக் கதவு ரப்பரின் மடிப்புகளைத் துடைத்து, பின்பக்கத் தண்ணீர்த் தட்டையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் மத்தியானச் சோறு.

அப்பேர்ப்பட்டவள் ஐந்து மாதமாக ஃப்ரீசரைத் தொடவில்லை.

அவள் கணவர் உபைதுல்லா சவூதியில், தம்மாமில், இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினார். வருஷத்துக்கு ஒரு லீவு. அதுவும் பக்ரீத் முடிந்து மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். பெருநாளுக்கு ஊரில் இருக்க அந்த மனுஷனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதனால் அன்றைக்கு அறுக்கிற குர்பானிக் கறியில் வீட்டுப் பங்கிலிருந்து நல்ல தொடைக்கறியாகப் பார்த்து எடுத்து, மஞ்சளும் உப்பும் புரட்டி, ஒரு டப்பாவில் அடைத்து ஃப்ரீசரின் உள்மூலையில் வைத்துவிடுவாள். அவர் வந்திறங்கியதும் முதல் சாப்பாடு அந்தக் கறிதான். அத்தா பங்கு என்றால் பிள்ளைகள்கூட அதில் கை வைக்க முடியாது.

போன பக்ரீத்துக்கும் அப்படித்தான் வைத்தாள். அக்டோபரில், டிக்கெட் எடுத்தபிறகு, தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து மவுத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். யாரோ செல்போனில் அனுப்பிய வீடியோவில் உடம்பைச் சுற்றிய கஃபன் துணியைப் பார்த்ததோடு சரி, முகத்தைப் பார்க்கவில்லை.

கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தார்கள். டப்பாவை அன்றைக்காவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஜெய்னப் வாயே திறக்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாததைப் பார்த்து, வந்தவர்கள் அவள் பொறுமையை மெச்சினார்கள். பொறுமையாவது மண்ணாவது. அவர் பங்கு உள்ளே இருக்கிறவரை அவர் வர வேண்டியவராகவே இருந்தார், அவ்வளவுதான்.

பனி மட்டும் சும்மா இருக்குமா? டப்பாவையே மூடி, ஃப்ரீசர் கதவையும் முட்டிக்கொண்டு நின்றது. கீழ்த்தட்டில் பால் திரிய ஆரம்பித்தது. சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்த மகள் ஷாசியா வந்து பார்த்து, புதன்கிழமை ஷட்டவுனாம், அன்றைக்குக் கழுவியே தீர வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் போய்விடும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஜெய்னப் கால்வலி என்றாள், அடுத்த மாதம் என்றாள். எதுவும் எடுபடவில்லை.

புதன்கிழமை காலையில் ஜெய்னப் ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போய், மீன்காரர்களிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸ் வாங்கி வந்தாள். ஒரு பொட்டு மீன்கூட இல்லாத வீட்டில் ஐஸ் எதற்கு என்று ஷாசியா சிரித்தாள்.

கிண்ணத்து வெந்நீரை மூன்று தடவை மாற்றினார்கள். மத்தியானம் பனி பெயர்ந்து டப்பா விடுபட்டது. ஷாசியா கை நீட்டுமுன் ஜெய்னப் பாய்ந்து எடுத்து, துணியில் சுற்றி, ஐஸுக்குள் புதைத்தாள்.

"அதுல என்னம்மா இருக்கு?"

"அத்தா பங்கு."

ஷாசியாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்மா தேறிவிட்டாள், இனிக் கவலையில்லை என்று மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இன்னும் இரண்டு கை ஐஸை அள்ளி டப்பாவின் மேல் போட்டாள். அப்புறம் துணியை நனைத்து ஃப்ரீசரைத் துடைத்தாள். அவள் கண்ணீர் அந்தத் தண்ணீரோடே போயிற்று.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. துடைத்த ஃப்ரிட்ஜ் புதுசு மாதிரி நின்றது. ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு ஷாசியா மெதுவாகச் சொன்னாள்: "குளுந்துடிச்சும்மா. எடுத்து வைய்யி."

ஜெய்னப் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் ஃப்ரீசர் முன்னால் நின்றாள். இத்தனை நாள் அது அதுபாட்டுக்கு உள்ளே இருந்தது, அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இப்போது தன் கையால் வைக்க வேண்டும். வருகிறவருக்குத்தானே எடுத்து வைப்பார்கள்? அவள் கை மேலே போகவில்லை.

"யாருக்குன்னு வெக்கிறது ஷாசியா? அவுங்க வரமாட்டாங்கல்ல?"

மகள் எப்படியோ சொல்லிவிட்டாள். "வரமாட்டாங்கம்மா."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜெய்னப் தரையில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எழுந்த அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது. அடுத்த வீட்டு இளமதி, போட்டது போட்டபடி ஓடிவந்து, என்ன ஆச்சு, யாருக்கு என்ன என்று வாசலிலேயே பதறினாள்.

ஷாசியா அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"அத்தா மவுத்தாயிட்டாங்கக்கா," என்றாள்.