மாங்கரையில் இறங்காத மெஷின்

செய்யாத காரியத்துக்காக ஒரு மனிதனை ஊர் புகழ்கிறது. அவன் அதை வாங்கி வைத்துக்கொள்கிறான். அதே ஊர் பிறகொரு நாள், செய்யாத காரியத்துக்காக அவனை ஏசுகிறது. அப்போது ‘இது அநியாயம்’ என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டா? தர்க்கப்படி இல்லை. முதல் பொய்யைக் கைநீட்டி வாங்கியவன் இரண்டாவதை வேண்டாம் என்று திருப்ப முடியாது. ஆனால் நன்னிலத்துக்குப் பக்கத்தில் மாங்கரை என்ற ஊரில் இருக்கும் வளவனின் வாழ்க்கை இந்தக் கேள்வியை இவ்வளவு சுலபமாக முடித்துவைக்கவில்லை.

வளவன் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவது, அமிலப் புட்டிகளைப் பூட்டி வைப்பது அவர் வேலை. கொஞ்சம் நிலமும் ஒரு பம்புசெட்டும் உண்டு. அவரைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல அதிகம் இல்லை. கெடுதலாகச் சொல்லவும் இல்லை. அவர் புகழ்பெற்றது ஒரு செருப்பினால்.

டெல்டாவில் மண்ணுக்கடியில் எரிவாயு எடுக்கப் போகிறார்கள் என்று ஊருக்கு ஊர் போராட்டம் நடந்த சமயம். மாங்கரை வயலுக்குள் ஒரு சர்வே வண்டி இறங்கியது. ஊரே வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தது. பள்ளிவிட்டு அந்த வழியாக வந்த வளவனின் இடது செருப்பு வண்டிப் பாதைச் சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்தார். செருப்பு வரவில்லை, அவர்தான் போனார். வண்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். டிரைவர் பிரேக் போட்டு, பயந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். யாரோ படம் எடுத்தார்கள். மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் போர்டு: ‘உடலால் மண் காத்த வளவன்!’

வளவன் உண்மையைச் சொல்லாமல் இல்லை. விவசாயச் சங்கத் தலைவர் ஐயாவுவிடம் போய், “பெரியப்பா, நான் செருப்பு எடுக்கத்தான் குனிஞ்சேன்” என்றார்.

“பாருங்கய்யா தன்னடக்கத்த!” என்று ஐயாவு கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டினார். உண்மை அத்துடன் ஓய்ந்தது. அது இரண்டாவது முறை முயற்சி செய்யவில்லை; வளவனும் செய்யவில்லை.

அந்த வருஷத்திலிருந்து அவருக்கு ஒரு மரியாதை கிடைத்தது. மேட்டூர் திறந்து, ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும் காலையில், எல்லோரும் விதைநெல்லும் பூவும் தூவுவார்கள். பாசன ஊழியரான லஸ்கர் கொடுக்கும் சாவியை வாங்கி மதகின் ஷட்டரைத் தூக்குகிறவர் வளவன். வளவனின் அப்பாவும் இதே ஷட்டரைத் தூக்கியவர்தான். மிராசுதார் “தூக்குடா” என்பார், அவர் தூக்குவார். பூ மிராசுதார் கழுத்தில் விழும். இப்போது வளவன் கழுத்தில் விழுகிறது. செருப்பால் வந்ததோ எதனால் வந்ததோ, இந்த ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

பிறகுதான் அந்த மெஷின் வந்தது. சரியாகச் சொன்னால், வரவில்லை.

நன்னிலத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக் வளவனோடு படித்தவர், துபாயில் சில வருஷம் இருந்து திரும்பியவர். கம்ப்யூட்டரைப் போன்ற ஒரு பெட்டி, இரவும் பகலும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் காசு உண்டாகும், அதன் பெயர் பிட்காயின் மைனிங் என்று அவர்தான் சொன்னார்.

“மைனிங்னா தோண்டறதாச்சேடா?”

“மண்ணத் தோண்டறது இல்ல. கணக்கத் தோண்டறது. கரன்ட்தான் எக்கச்சக்கமா இழுக்கும். அதான் நம்மூர்ல ஒருத்தனும் செய்யல.”

கரன்ட் என்ற சொல்லில் வளவனின் மனம் நின்றது. அவர் பம்புசெட்டுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் மின்சாரம், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் சும்மா கம்பியில் உட்கார்ந்திருக்கிறதே!

“டேய், அந்தக் கரன்ட்ல தேங்கா அரைச்சாலே கேஸு” என்றார் ஜாஃபர்.

“தேங்காயா அரைக்கப் போறேன்? கணக்குத்தானே போடப்போவுது.”

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு ஜாஃபர் சட்டம் படித்திருக்கவில்லை. வளவனிடம் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. பள்ளிக்கு வந்த வங்கிக்காரர்கள் தோள்பை இலவசம் என்றதால் வாங்கியது. பை கிழிந்துவிட்டது, கார்டு புதிதாகவே இருந்தது. ஜாஃபர் கடையில் உட்கார்ந்து, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் அந்த மெஷினை ஆர்டர் போட்டார்கள். பணம் அன்றைக்கே போய்விட்டது.

மெஷின் வரவில்லை; மெயில் வந்தது. கப்பல் தாமதம். அடுத்த மெயில்: தொழிற்சாலை விடுமுறை. அடுத்தது: சிப் தட்டுப்பாடு. ஒவ்வொன்றின் முடிவிலும் ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்றிருந்தது. இல்லாத பொருளுக்கு முன்பணம் வாங்குகிறவனை நமக்குத் தெரியும். இல்லாத பொறுமைக்கு நன்றியையும் முன்கூட்டியே சொல்லும் கம்பெனியை வளவன் அப்போதுதான் பார்த்தார். சம்பா அறுப்பும் முடிந்தது.

கார்டுக்கு வட்டி ஏறுவதைக் கண்டுபிடித்தவர் மனைவி அம்சவல்லி. “ஏங்க, வராத சாமானுக்கு எவனாவது வட்டி கட்டுவானா? பேங்குல கேளுங்க.”

வங்கிக்குப் போன் செய்தார். பதிவு செய்த குரல் தமிழில் பேசியது: ‘தகராறு செய்ய எண் நான்கை அழுத்தவும்.’ வளவன் வாழ்நாளில் யாரோடும் தகராறு செய்ததில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நான்கை அழுத்தினார்.

ஒரு பெண் வந்தாள். “சொல்லுங்க சார். பொருள் வரலைங்களா, இல்ல லேட்டாகுதுங்களா?”

“லேட்டாகுதும்மா. அதான் வரல.”

“ரெண்டுல ஒண்ணுதான் சார் சொல்ல முடியும். லேட்டுன்னா வெயிட் பண்ணணும். வரலன்னாதான் தகராறு.”

வளவன் யோசித்தார். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராதவரை, அது வரவில்லையா, தாமதமாகிறதா? டெல்டாக்காரன் இந்தக் கேள்வியோடுதான் பிறக்கிறான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நம்பிக்கை ஒன்றுதான். அதை அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரில் பதிய இடமில்லை.

“வரலன்னு போட்டுக்கம்மா” என்றார். பணத்தை வங்கி தற்காலிகமாக வரவு வைத்தது. விசாரிக்க ஆள் வரும் என்றார்கள்.

வந்தவன் ஒரு இளைஞன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே டீக்கடை முன் வண்டியை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்: “அண்ணே, வளவன்னு ஒருத்தர் மைனிங் மெஷின் வாங்கியிருக்காரு. ஊருக்குள்ள இறங்கிருச்சா?”

மாங்கரையில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான். டீ கிளாஸ்கள் பெஞ்சில் இறங்கின. ஐயாவு எழுந்து நின்றார்.

“என்ன மெஷினு?”

“மைனிங்ணே. தோண்டற மெஷின். வந்துச்சா வரலயான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

“வரல!” என்று ஐயாவு முழங்கினார். “வரவும் விடமாட்டோம்! எழுதிக்க! எங்க பொணத்து மேலதான் வரணும்!”

கூட்டம் கோஷம் போட்டது. அந்தப் பையன் சந்தோஷமாக எழுதிக்கொண்டான்: பொருள் வந்து சேரவில்லை என்பதை அக்கம்பக்கத்தினர் ஒருமித்து உறுதி செய்தனர். வளவனின் பக்கம் இதைவிடப் பலமான சாட்சியை யாரும் கொடுத்திருக்க முடியாது. சாட்சி சொன்னவர்கள் அடுத்த நிமிஷம் வளவன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

“எந்தக் கம்பெனிகிட்டடா வெல போன?” என்றார் ஐயாவு.

“பெரியப்பா, அது மண்ணத் தோண்டாது. காசுக்கு…”

“காசுக்குத்தான் எல்லாப் பயலும் தோண்டறான்!”

வளவன் போனில் படத்தைக் காட்டினார். ஒரு இரும்புப் பெட்டி, முகப்பில் இரண்டு விசிறி. ஐயாவு கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். “இந்த ஃபேனு எதுக்கு? உள்ள இருக்கிறத வெளிய தள்ளத்தானே?”

விளக்கம் சொல்ல ஜாஃபரைக் கூட்டிவந்தார்கள். ஜாஃபர் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். “மாமா, இது ஒரு செகண்டுக்கு நூறு டெரா ஹேஷ் எடுக்கும், அவ்வளவுதான்.”

“கேட்டுக்கிட்டீங்களா!” ஐயாவு கூட்டத்துப் பக்கம் திரும்பினார். “பாய் வாயாலயே வந்துருச்சு. கேஸ் எடுக்குமாம். நூறு தரம்!”

“ஹேஷ் மாமா, ஹேஷ்! கணக்கு!”

“நீ எப்படிச் சொன்னாலும் கேஸ் கேஸ்தான்!”

கடைசியில் ஐயாவு தீர்ப்பு சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. “அந்த மெஷினு வரட்டும். ஊரு முன்னால பிரிச்சுக் காட்டு. நீ சொல்ற மாதிரி கம்ப்யூட்டரா இருந்தா உன் கால்ல விழறேன். அதுவரைக்கும் ஷட்டர் சாவி எங்கிட்ட இருக்கும்.”

இப்படியாக வளவன் ஒரு விசித்திரமான இடத்தில் வந்து நின்றார். பணம் நிலைக்க வேண்டுமானால் மெஷின் வரக்கூடாது. பேர் நிலைக்க வேண்டுமானால் வந்தே ஆகவேண்டும். காலையில் வங்கிக்குப் போன் செய்து ‘வரல’ என்பார். சாயங்காலம் கம்பெனிக்கு ‘தயவுசெய்து உடனே அனுப்புங்கள்’ என்று ஜாஃபர் மூலமாக மெயில் போடுவார். இரண்டையும் மனதாரச் செய்தார்.

ஒருநாள் அந்த வங்கிப் பெண்ணே கூப்பிட்டாள். “சார், நீங்க சாமான் அனுப்பச் சொல்லிக் கெஞ்சி எழுதின மெயிலெல்லாம் அந்தக் கம்பெனி எங்களுக்கு அனுப்பியிருக்கு. உங்களுக்குப் பொருள் வேணுமா வேணாமா?”

“வரணும்மா. ஆனா வந்துடக் கூடாது.”

அவள் கீபோர்டில் எதையோ தேடித் தட்டுவது கேட்டது. “சார், அதுக்கு ஆப்ஷன் இல்ல. அவங்க அனுப்பிட்டதா சொல்றாங்க. உங்க கையில வந்துட்டா வரவு வச்ச பணம் திரும்பப் போயிரும்.”

ஜூனில் மேட்டூர் திறந்தது. மாங்கரை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த காலையில் ஊரே மதகருகே கூடியிருந்தது. எல்லோர் கையிலும் விதைநெல், பூ. வளவன் பள்ளிக்குப் போகும் சட்டையில், கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். லஸ்கர் கொடுத்த சாவி இந்த முறை ஐயாவுவின் இடுப்பில் இருந்தது. தண்ணீர் மதகுப் பலகையில் முட்டி, நுரையும் சருகுமாகச் சுழன்றது.

அப்போதுதான் வாய்க்கால் கரைச் சாலையில் ஒரு கூரியர் வேன் மெதுவாக வந்தது. வளவனின் போன் அடித்தது. ‘சார், மாங்கரை வந்துட்டேன், ஓடிபி வந்திருக்கும் பாருங்க’ என்ற குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. சேதி கூட்டத்துக்குள் பரவியது.

கோஷம் எழும் என்று வளவன் எதிர்பார்த்தார். எழவில்லை. ஐயாவு கையை உயர்த்தினார். “ஒதுங்குங்க எல்லாரும். வரட்டும். சொன்ன சொல்லு சொல்லுதான். பிரிச்சுப் பாப்போம்.” இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வேனுக்கு வழிவிட்டது.

அம்சவல்லி பக்கத்தில் வந்தார். “பணம் போனாப் போவுது. நான் பாத்துக்கறேன். போய்ப் பிரிச்சுக் காட்டுங்க. நாலு பேரு மொவத்துல கரியப் பூசுங்க.”

வளவன் தலையாட்டினார். சாலைக்கு நடுவே நடந்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டையும் எடுத்துச் சேர்த்து, கரையோரம் புல்லில் ஜாக்கிரதையாக வைத்தார். பிறகு வேனுக்கு முன்னால், குறுக்கே, மல்லாந்து படுத்தார்.

வேன் நின்றது. டிரைவர் தலையை நீட்டினான். “அண்ணே, என்னண்ணே இது? வளவன்னு ஒருத்தருக்குப் பார்சல் இருக்கு. வழி விடுங்க.”

“நான்தான் வளவன்.”

“அப்ப எந்திரிச்சு வந்து வாங்கிக்குங்கண்ணே!”

வளவன் எழவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். கெஞ்சினான். யாருக்கோ போன் செய்தான். ஐயாவு வாயைத் திறந்தார். கோஷம் போடுவதா, எழுந்திரு என்று கத்துவதா என்று தெரியாமல் மூடிக்கொண்டார். ஊர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மனிதர் உண்மையாகவே வண்டிக்கு முன்னால் படுத்திருந்தார். எல்லோர் கையிலும் நெல்லும் பூவும் இருந்ததால் ஒருவரும் படம் எடுக்கவில்லை. கடைசியில் டிரைவர் போனில் ‘டெலிவரி ஆகவில்லை’ என்று தட்டிவிட்டு, திருப்ப இடமில்லாத அந்தச் சாலையில் வேனைப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனான்.

“இவரு எந்திரிக்கிற வரைக்கும் தண்ணி நிக்குமா?” என்று அம்சவல்லி ஐயாவுவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார். யார் கழுத்தைக் குறிவைப்பது என்று தெரியாமல் பூ எல்லாம் தண்ணீரில் விழுந்தது.

தண்ணீர் பாயும் சத்தம் கேட்டபிறகுதான் வளவன் எழுந்தார். முதுகைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கு நடந்தார். பணத்துக்காகப் படுத்தார் என்கிறார் ஜாஃபர். பயந்துவிட்டார், உள்ளே வேறு மெஷின் இருந்திருக்கும் என்கிறார் ஐயாவு. வளவன் இதுவரை யாரிடமும் காரணம் சொல்லவில்லை.