சூரியனை முந்திய மணிக்கூடு

நோன்பு மாதத்தின் முதல் நாளான தலைநோன்பு அன்று எங்கள் பள்ளிவாசலில் ஒரு சங்கடம் நடந்தது. மணிக்கூடு சூரியனை முந்திவிட்டது.

மணிக்கூட்டைச் செய்தவர் என் மனைவியின் சகோதரர், ரேடியோ திருத்தும் றவூப் மச்சான். சிவப்பு இலக்கம் மின்னுகிற புது மாதிரி. காலையில் ரேடியோ நேரத்துக்குச் சரியாக வைத்திருந்தார்.

மாலையில் எல்லோர் கையிலும் பேரீச்சம்பழம். மணிக்கூடு நோன்பு திறக்க நேரமாகிவிட்டது என்றது. தொழுகைக்குப் பாங்கு சொல்ல மைக்கருகே போன மோதினார், வயல் பக்கத்து யன்னலால் எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"என்ன மோதினார், பாங்கு சொல்லல்லயா?" என்றார் பள்ளிவாசல் நிர்வாகி மரைக்கார்.

"பொழுது இன்னும் கிடக்கு மரைக்கார்."

ஊரின் நோன்பு முழுவதும் அந்த ஒரு வசனத்தால் தப்பியது. ஏழெட்டு நிமிஷம் காத்திருந்தோம். மச்சான் தன் பேரீச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழுகை முடிந்ததும் மரைக்கார் சொன்னார்: "றவூப், இதக் கழட்டிக்கொண்டு போங்க."

"நாளைக்கு ஒரு நாள் தாங்க மரைக்கார். பிழை என்னெண்டு பாக்கன்."

மரைக்கார் மோதினாரைப் பார்த்தார். "அவர் மணிக்கூட்டப் பாக்கட்டும். நான் பொழுதப் பாக்கன்" என்றார் மோதினார்.

மறுநாள் காலை நானும் மச்சானோடு பள்ளிவாசலுக்குப் போனேன். மணிக்கூடு ஒழுங்காகத்தான் ஓடியது... பக்கத்து நெல் மில் இயங்கத் தொடங்கும்வரை. பிறகு ஓட்டமும் நடையும். மில் நின்றது, மணிக்கூடும் நிதானமானது.

மச்சான் தலையில் கைவைத்தார்.

விஷயம் இதுதான். அந்த மணிக்கூடு வீட்டுக் கரண்டின் அலைகளை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. அலை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அதை வாங்கி, எண்ணுகிற பகுதிக்குக் கொடுக்க நடுவில் ஒரு சிப். மச்சான் தேடித்தேடி வாங்கியது, கடையில் இருந்ததிலேயே வேகமான சிப்!

மெதுவான அலைக்கு எதற்கு அவ்வளவு வேகம்? மில் மோட்டரால் அலை கொஞ்சம் நடுங்கினால், அந்த நடுக்கத்தையும் ஒரு அலையென்று எண்ணிவிடும். துடிப்பான பிள்ளை.

"அப்ப என்ன செய்யிற?" என்று கேட்டேன்.

"ஷ்மிட் ட்ரிகர் எண்டு ஒண்டு இரிக்கி மச்சான். ஏறக்குள்ள ஒரு கோடு, இறங்கக்குள்ள அதுக்குக் கீழ இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல என்ன ஆட்டம் நடந்தாலும் அசையாது."

"முதல்லயே அதப் போட்டிருக்கலாமே?"

"வேகம் குறைவெண்டு விட்டுட்டன்."

மாற்றினார். பிறகு மில் பொழுது சாயும்வரை ஓடியது. மாலையில் மணிக்கூடும் ரேடியோவும் ஒரே நேரத்தைச் சொல்லின. மரைக்கார் மச்சானுக்குக் கஞ்சிக் கோப்பையை நீட்டினார். மச்சான் இரண்டு கையாலும் வாங்கினார்.

எனக்கும் ஒன்று புரிந்தது. சின்னச் சலசலப்புக்கெல்லாம் துள்ளாமல், விஷயம் ஒரு கோட்டைத் தாண்டும்வரை பேசாமல் இருப்பதும் ஒரு திறமைதான்.

வீட்டில் இரண்டு நாள் அப்படி இருந்து பார்த்தேன் — மனைவி காது டொக்டரிடம் போகச் சொல்கிறாள்.