ஓ.பி. வரிசையில் என் இடம்

எங்கள் நகரியத்தில் ஓ.பி. என்ற சொல்லுக்குப் பொருள் பல. சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேல் கிடக்கும் மண் ஓ.பி.; ஆங்கிலத்தில் எழுத்து சற்று வேறு, ஆனால் நாக்கு அந்தப் பேதத்தைப் பொருட்படுத்துவதில்லை. அந்த மண்ணை அகற்றும் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவமனையில் வெளிநோயாளிகள் பிரிவும் ஓ.பி.தான். வேலை நேரத்தில் தேநீர்க்கடையில் நிற்பதும் ஓ.பி.; அதை மட்டும் 'அடிப்பார்கள்'. என் பணிக்காலத்தில் ஒருநாளும் நான் அடித்ததில்லை என்பதை இங்கே குறிப்பிட்டுவிடுவது முறை.

சென்ற மாதம் என் மனைவிக்கு வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை. ஒன்பது மணிக்கு மேல் ரத்தம் எடுக்கமாட்டார்கள். அதற்குள் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கியாக வேண்டும். "முதல் டோக்கன் நமக்குத்தான்" என்று அவளிடம் உறுதி கூறியிருந்தேன். ஆறரை மணிக்கே அவளையும் அழைத்துச் சென்று, மூடியிருந்த கவுன்ட்டரின் பலகையில் அவளுடைய மருத்துவப் புத்தகத்தை வைத்தேன். அப்போது அங்கே வேறு புத்தகம் இல்லை.

அடுத்து வந்தவர் தம் புத்தகத்தை அதன்மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அநாகரிகம் என்று எண்ணினேன். வாய் திறவாமல் எங்களுடையதை உருவி மேலே வைத்தேன். மூன்றாமவர் வந்தார், மீண்டும் உருவி வைத்தேன். மேலே இருப்பதை முதலில் அள்ள வேண்டும் என்பது சுரங்கம் எனக்குக் கற்பித்த ஒழுங்கு. இவ்வாறு பதினெட்டுப் பேர் வரும்வரை காவல் இருந்தேன்.

எட்டு மணிக்குக் கவுன்ட்டர் திறந்தது. உள்ளே இருந்த பெண்மணி அடுக்கை இரு கையாலும் தூக்கி, அப்படியே கவிழ்த்து வைத்து டோக்கன் போடத் தொடங்கினார். முதலில் வந்தவரின் புத்தகம் அடியில் கிடக்கும், கவிழ்த்தால் மேலே வரும். அங்கே நெடுநாளைய வழக்கமாம். எங்களுக்குக் கிடைத்தது பத்தொன்பதாம் டோக்கன்.

"ஏங்க, நீங்களேதானே எடுத்து எடுத்து மேல வெச்சீங்க?" என்றாள் மனைவி. வெறும் வயிற்றோடு அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

முதல் டோக்கன், எனக்கு அடுத்து வந்தவருக்குப் போயிற்று. அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். என் பிரிவில் இயந்திரம் ஓட்டியவர். ஓ.பி. அடித்ததற்காக ஒருமுறை நானே அவருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன்.

"பாத்துகினேதான் இருந்தேன் சார். உங்ககிட்ட யாரு சொல்றதுன்னு வுட்டுட்டேன்" என்றார். "மேல் மண்ண வாரிட்டுக் கரி எடுக்கறாப்புல நெனச்சிகினீங்க போல!"

வரிசை முழுவதும் சிரித்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

அவர் தம் டோக்கனை நீட்டினார். "அம்மாவ கூட்டிகினு போங்க சார். எனக்கு மூட்டு வலிதான். அது எங்க ஓடிடப் போவுது?"

பிறர் முறையை நான் பெற்றுக்கொள்வதில்லை. அதைத் தக்க சொற்களில் தெரிவிக்க நான் தொண்டையைச் செருமுவதற்குள், "குடுங்க தம்பி" என்று டோக்கனை வாங்கிக்கொண்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

எட்டே முக்காலுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அவள் இட்லி சாப்பிடச் சென்றாள். பத்தொன்பதாம் டோக்கனை அவரிடம் ஒப்படைத்து, அவர் பக்கத்திலேயே அமர்ந்தேன்.

"நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க சார்."

"உங்களைக் கூப்பிடட்டும்" என்றேன்.

பதினொரு மணியாயிற்று. எதிர்ப் பெஞ்சுக்காரர், "சார் உங்களுக்குச் சொந்தமா?" என்று அவரிடம் விசாரித்தார். அவர் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"ஒரே செக்‌ஷன்" என்று நானே பதில் சொன்னேன்.