எடுக்கப் போனது கணக்கில் இல்லை

டெல்சினா ஹாக்கின்ஸ் தலையைத் தண்ணீருக்குள் விட்டதே கிடையாது. சின்ன வயதில் காதில் சீழ் பிடித்ததிலிருந்து அப்படித்தான். ஆனால் பிராவிடென்சியா தீவுக்கு முக்குளிக்க வருகிறவர்கள் எப்போது வரவேண்டும், எதை எதில் ஏற்றவேண்டும், எந்த நாள் எங்கே இறங்கவேண்டும் என்று தீர்மானித்தவள் அவள்தான்.

ஆட்கள் விமானத்தில், கேமராப் பெட்டிகள் சரக்குப் படகில் என்பது அவள் வைத்த விதி. பக்கத்துப் பெரிய தீவான சான் ஆண்ட்ரேஸிலிருந்து வரும் சின்ன விமானத்தில் ஆளுக்குப் பத்து கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். கேமராவைத் தண்ணீர் தொடாமல் காக்கும் உலோகக் கூடு மட்டுமே அதில் பாதியைத் தின்றுவிடும். ஆகவே கூடும் விளக்குகளும் முந்தின வாரமே படகேறி வந்து அவள் வீட்டு முன்னறையில் காத்திருக்கும். பேட்டரி மட்டும் கைப்பையில் வரலாம். சான் ஆண்ட்ரேஸ் வரை பெரிய விமானத்தில் வரும் கூட்டை, அதை அடைக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் இறங்கிய பிறகு கூடு இறுகிப்போய் எந்தப் பயில்வானாலும் திறக்க முடியாது. இதையெல்லாம் அவள் போனில் சொல்லச் சொல்ல, மெடெயின் நகரத்து டாக்டர்களும் வக்கீல்களும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி "சரிங்க, சரிங்க" என்பார்கள்.

கடைசி நாள் யாரும் நனையக் கூடாது என்பது இன்னொரு விதி. ஆழத்தில் மூச்சு விட்டவன் உடம்பில் காற்று ஊறியிருக்கும். அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால் ரத்தத்தில் நுரைத்துவிடும். அதனால் அன்று பறக்கவும் கூடாது, மலையேறவும் கூடாது. தென்மேற்குக் கடற்கரையில் உட்கார வைத்து, தேங்காய்ப் பாலில் மீனும் மரவள்ளியும் வாழைக்காயும் வெந்த ரொண்டோனை வயிறு முட்டப் போடுவாள். தின்றவன் எழுந்து கடலுக்குப் போகமாட்டான் என்பது அவள் கணக்கு.

அவள் மகன் ஆர்லன் தண்ணீருக்குள் வழிகாட்டி. மாமியார் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் புரட்டிப் போட்டு, துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொண்டவள் டெல்சினா. பையனை வளர்த்ததும் அதே கையோடுதான். கொஞ்சல் கிடையாது. சாப்பாடு நேரத்துக்கு வரும், திட்டும் நேரத்துக்கு வரும்.

அந்த ஜனவரியில் மெடெயினிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மரீட்சா பெதோயா என்ற பெண்மணியின் கேமரா ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும், இரண்டு பக்கமும் நண்டுக் கால் மாதிரி விளக்குகள் வேறு. கடைசி முக்குளிப்பில் ஆர்லன் படகிலிருந்து அதை இறக்கிக் கொடுத்தபோது ஒரு விளக்கின் திருகு இறுகியிருக்கவில்லை. விளக்கு கழன்று, பவளச் சரிவில் உருண்டு, நீலத்துக்குள் போய்விட்டது.

"போனா போகுது, தம்பி. மீனுங்க படம் எடுத்துக்கட்டும்" என்று மரீட்சா சிரித்தாள்.

ஆர்லன் சிரிக்கவில்லை. அந்தத் தீவின் படகுகளில், கேமராவை இறக்கிக் கொடுக்கிற கை அது கரைக்குத் திரும்பி வரும்வரை பொறுப்பு. பொருளைத் தொலைத்தவன் கையில் அப்புறம் யாரும் கேமராவைக் கொடுக்கமாட்டார்கள். சாப்பாடு சுமக்கிற தூக்குச் சட்டியைத்தான் கொடுப்பார்கள்.

மறுநாள், யாரும் நனையக் கூடாத நாளில், டெல்சினா கடற்கரையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மத்தியானம் தாண்டி ஆர்லன் விளக்கோடு வந்தான்.

"ராங்கின் எடுத்துக் குடுத்தான்மா. மூச்சுப் பிடிச்சே போயிட்டு வந்துட்டான், பிசாசு."

ராங்கின் சங்கு எடுக்கிறவன், சிலிண்டர் இல்லாமலே ஆழம் போகிறவன். டெல்சினாவுக்குச் சந்தேகம் வரவில்லை. ஒரு பெரிய சட்டி ரொண்டோனை அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

விமானம் புறப்படும் நாள் காலையில் ராங்கின் கழுவிய சட்டியோடு வாசலில் நின்றான்.

"மிஸ் டெல்சினா, கறி அமோகம். என் பொண்டாட்டி இன்னும் விரலை நக்கிட்டிருக்கா. ஆனா எதுக்கு அனுப்புனீங்கன்னுதான் புரியல."

"விளக்கு எடுத்துக் குடுத்ததுக்குத்தான்."

"எந்த விளக்கு? நான் ரெண்டு நாளா வலை தச்சிட்டிருக்கேன். இந்தக் காத்துல எவன் கடலுக்குப் போவான்?"

டெல்சினா சட்டியை வாங்கித் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆர்லன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு செருப்பு காலில் இருந்தது. இன்னொன்றுக்குள் காலை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் அவன் சொன்ன இடத்துக்குப் போகவில்லை.

"முதுகு பிடிச்சிருக்கும்மா. ராத்திரி சரியாப் படுக்கல."

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?"

அவள் அவன் அடிவயிற்றில் கை வைத்தாள். கல் மாதிரி இருந்தது. மாமியாருக்கு முதுகுத்தண்டு செத்தபோது இதே கல்லை இதே கை தொட்டிருக்கிறது.

"சிலிண்டர் மாட்டி எத்தனை தடவை இறங்குன?"

"மூணு. மூணாவது தடவைதான் கெடச்சுது."

"எவ்வளவு ஆழம்டா?"

"நாப்பது மீட்டர், கொஞ்சம் மேல. ஆனா அது முங்குனது இல்லம்மா. எடுக்கப் போனது. டக்குனு போயி டக்குனு வர்றது. அதை யாரு கணக்குல வெப்பா?"

யாரும் வைப்பதில்லை, அதுதான் உண்மை. அந்த ஊர்ப் பையன்கள் எல்லோரும் அப்படித்தான். நங்கூரம் சிக்கினால் இறங்குவார்கள், துடுப்புக்காலணி விழுந்தால் இறங்குவார்கள், அதையெல்லாம் முக்குளிப்பு என்று சொல்லமாட்டார்கள். விருந்தாளிகளுக்குத்தான் விதி. டெல்சினா தன் விதியை அவனுக்குச் சொன்னதே இல்லை. அவனுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

ராங்கின் ஓடிப்போய்ப் படகிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தான். மருத்துவ நிலையத்து நர்ஸ் சான் ஆண்ட்ரேஸுக்குப் பேசினாள். அங்கேதான் அழுத்த அறை இருக்கிறது. உடம்பை மறுபடி ஆழத்துக்குக் கொண்டுபோய் மெதுவாக மேலே கொண்டுவரும் இரும்புக் குழாய். அறை தயார் என்றார்கள். போவது எப்படி என்பதுதான் கேள்வி. வடகாற்று அடித்துக்கொண்டிருந்தது; பயணிகள் படகை நிறுத்திவிட்டார்கள். ஆம்புலன்ஸ் விமானம் பெருநிலத்திலிருந்து வர இருட்டிவிடும் என்றார்கள். மிச்சம் இருந்தது விருந்தாளிகளின் விமானம். அதில் ஏற்றினால் மேலே போய் நுரைக்கும். ஏற்றாவிட்டால் இங்கேயே கிடந்து நுரைக்கும்.

விமான நிலையத்தில் கேப்டன் ஒகாம்போ தலையை ஆட்டினார். "மிஸ் டெல்சினா, உங்களுக்கே தெரியும். விமானமும் நிறைஞ்சிருக்கு."

"தாழப் பறங்க."

"எவ்வளவு தாழ?"

"அலை மேல."

"இந்தக் காத்துலயா? நீங்க என்னைக் கொல்லத்தான் ரொண்டோன் போட்டு வளத்தீங்களா?"

"கேப்டன்." அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படி யாரையும் பிடித்துக் கெஞ்சியவள் இல்லை அவள். விரல்கள் சட்டையில் இருப்பதை அவளே பிறகுதான் பார்த்தாள். "அவனுக்கு இருபத்தாறு வயசு. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லாம நான் அவனை எத்தனை வருஷம் புரட்டிப் போடுவேன்? எனக்கப்புறம் யாரு போடுவா?"

"அப்ப எல்லாரும் இறங்கணும், அவனைப் படுக்கவைக்க இடம் வேணும்" என்றார் கேப்டன்.

ஏறி உட்கார்ந்திருந்த விருந்தாளிகளில் ஒருவர், ஒரு வக்கீல், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு நாளைக்குக் கோர்ட்ல கேஸ் இருக்கு. எல்லாருமே இறங்கணுமா என்ன?"

"உன் கேஸ் எந்திரிச்சு நடக்கும், ஃபாபியோ" என்றாள் மரீட்சா. "இந்தப் பையன் நடக்கணும். இறங்கு. நானும் இறங்குறேன், என் பையும் இறங்குது. அந்த விளக்கைத் தூக்கிக் கடல்லயே போடலாம்னு இருக்கு எனக்கு."

வக்கீல் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். மற்ற இருவரும் சொல்லாமலே இறங்கினார்கள். இரண்டு இருக்கைகளைக் கழற்றி ஆர்லனைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். பையைத் தூக்குவது போல அவன் கால்களை ராங்கின் தூக்கி வைத்தான். அவன் அழுதுகொண்டே செய்தது டெல்சினாவுக்குப் பிடிக்கவில்லை. "அழறதா இருந்தா வெளிய போயி அழு. அவன் முகத்துல சொட்டுது."

விமானம் கிளம்பியதும் மேலே ஏறவில்லை. தண்ணீருக்கு மேலே, அலையின் வெள்ளைத் தலைகள் எண்ணும்படி தெரியும் உயரத்தில், மாட்டு வண்டி மாதிரி குலுங்கிப் போனது. டெல்சினா தரையில் முழங்காலிட்டு அவன் முகத்தில் ஆக்சிஜன் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் கொடுத்த ஊசி ஒன்று அவள் கையில் இருந்தது. கால் விரலில் தொடங்கி மேலே மேலே குத்திக்கொண்டு போனாள். தெரிகிறது என்று அவன் சொன்ன இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். கோடு தொடையில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குத்தினாள். கோட்டை இடுப்பில் போடவேண்டி வந்தது.

"கேப்டன், இன்னும் தாழ!"

"இதுக்கு மேல தாழணும்னா நீந்தணும், மிஸ்!"

சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மிச்சம் பிடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள், மூடியைத் தளர்த்தவில்லை. மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்க? மூன்றாவது கோடு தொப்புளுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் மூச்சை எண்ணினாள். ஓடுபாதை கண்ணில் பட்டபோது சிலிண்டரில் சத்தம் நின்றுவிட்டது.

மருத்துவமனையில் முதலில் குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். வந்த அளவைப் பார்த்து நர்ஸ் உதட்டைக் கடித்தாள். டாக்டர் பாரேதெஸ் இளம்பெண், வேகமாகப் பேசுகிறவள்.

"கடைசி முக்குளிப்பு எப்ப?"

ஆர்லன் மூடிக்குள்ளிருந்து சொன்னான். "முந்தாநேத்து. எல்லாரோடயும்."

டெல்சினா கட்டிலின் கம்பியில் ஓங்கி அடித்தாள். பக்கத்து வார்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். "பொய், டாக்டர். நேத்து. மூணு தடவை. நாப்பது மீட்டருக்கு மேல. நடுவுல ஓய்வு கிடையாது, மேல வரும்போது நிறுத்தம் கிடையாது. இவன் அதைக் கணக்குல சேக்கமாட்டான். நீங்க சேருங்க."

டாக்டர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நீண்ட சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தாள். இரும்புக் கதவு மூடியது. டெல்சினா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒருவர் காப்பி கொடுத்தார், குடித்தாள். ஜெபம் செய்யலாமா என்று ஒரு அம்மாள் கேட்டாள். செய்யச் சொல்லிவிட்டு, படுக்கைப் புண் வராமல் இருக்க இங்கே காற்று மெத்தை உண்டா என்று நர்ஸிடம் விசாரித்தாள். உண்டாம், ஒன்றுதான், அதில் வேறொருவர் படுத்திருந்தார்.

அவனை வெளியே கொண்டுவந்தபோது வெளுத்துப்போயிருந்தான். இடது கால் பெருவிரல் அசைந்தது. அவன் அதை அசைத்து அசைத்துக் காட்டினான், புதுப் பொம்மை வாங்கின பிள்ளை மாதிரி.

"பாத்தியாம்மா! சரியாயிடுச்சு. வீட்டுக்குப் போகலாம்."

"வலது?"

"வலதும்தான். தெரியுது."

டாக்டர் பக்கத்தில் நின்றாள். முன்னேற்றம் இருந்தால் நாளைக்கு வார்டுக்கு மாற்றலாம், இல்லையென்றால் மறுபடி அறைக்கு, என்று சொல்லியிருந்தாள். டெல்சினா ஊசியை எடுத்தாள். "கண்ணை மூடு" என்றாள். அவன் மூடிக்கொண்டான். இடது உள்ளங்காலில் குத்தினாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

வலது காலுக்கு மேலே ஊசியைக் கொண்டுபோனாள். தொடவில்லை. தோலுக்கு மேலே காற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப?"

"தெரியுதும்மா" என்றான் ஆர்லன் உடனே. "நல்லாத் தெரியுது."

டாக்டர் டெல்சினாவைப் பார்த்தாள். டெல்சினா ஊசியை மேசையில் வைத்துவிட்டு, போர்வையை இழுத்து அவன் வலது காலை மூடினாள்.

"தெரியல, டாக்டர்" என்றாள். "மறுபடியும் உள்ள போடுங்க."