திருப்பிக் கொடுத்த அன்பளிப்பு

சாலவாக்கம் சின்னராசு தெருக்கூத்தில் கட்டியங்காரன். ராஜா வேஷம் வருவதற்கு முன்னால் வந்து சிரிக்க வைப்பவன். யாராவது அன்பளிப்புக் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரைச் சபைக்குச் சொல்வதும் அவன் வேலை.

அவன் மனைவி பாஞ்சாலி புளியமரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. நான் அந்தப் பகுதிக்குக் கிராம நர்ஸ். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். ஊர்க்காரர்கள் வரி போட்டு நடத்துகிற கூத்து விடிய விடிய நடக்கும். அவன் போன இரவுகளில் பக்கத்து வீட்டு எல்லம்மாள் துணைக்கு வந்து படுத்தாள். அசந்து தூங்கியும் போனாள். புண் வந்தது, உள்ளங்கை அகலம். ஆறுவதற்குள் பாதி வருடம் போய்விட்டது.

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கென்று அரசாங்கக் காசில் கூத்து போட ஆரம்பித்தார்கள். சாயங்காலம் அரை மணி நேரம்தான். முடிந்ததும் வேனில் வீட்டுக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். சின்னராசு ஊர்க்கூத்தை விட்டு இதில் சேர்ந்தான்.

"பீமன் ஆணுறை பத்திப் பேசறான் நர்சம்மா. ஜனங்க வுயுந்து வுயுந்து சிரிக்குது. எனக்கின்னா, ராத்திரிக்கு வூட்ல கீறேன்" என்றான்.

ஒரே ஒரு நிபந்தனை. பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கக் கூடாது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்த ஆட்டத்துக்கு நானும் ட்யூட்டியில் போயிருந்தேன். பாத்திரக்கடை அஹமது பாட்சா கூத்து என்றால் முதல் ஆளாக வந்து உட்காருகிறவர். அன்றைக்கும் எழுந்துபோய்ச் சின்னராசுவின் சட்டையில் ஒரு நோட்டைக் குத்தினார். பழக்கதோஷம், இவன் கை தானாக உயர்ந்தது. மத்தளம் நின்றது.

"நம்ம ஆட்டத்த மெச்சி, பாத்திரக்கடை அஹமது பாட்சா பாய் அவர்கள்..." என்று முழுக்கச் சொல்லி முடித்தான்.

திட்டத்து அதிகாரி அவனை நான் நின்றிருந்த திரைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"கவர்மெண்ட் புரோகிராம்ல வசூலா? திருப்பிக் குடுத்துட்டு மைக்ல சொல்லுங்க. இல்லன்னா உங்களுக்கு இதுதான் கடைசி."

"சார், பேர் சொல்லிட்டேன் சார். இனிமே திருப்பிக் குடுத்தா அவர சபையில செருப்பால அடிச்ச மாதிரி."

"அது உங்க பிரச்சனை."

சின்னராசு என்னைப் பார்த்தான். இது போனால் மறுபடியும் விடிய விடிய ஊர்க்கூத்துதான். புண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நான் முன்பே சொல்லிவிட்டிருந்தேன்.

அவன் போய் நோட்டை நீட்டினான். "அரசாங்க நிகழ்ச்சி பாய். வாங்கக் கூடாது. வாங்கினது தப்பு" என்று மைக்கில் சொன்னான்.

"இன்னாப்பா, என் நோட்டு செல்லாதா?" என்றார் பாட்சா.

நாலு பேர் சிரித்தார்கள். பாட்சா நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருடம் திட்டத்துக்குப் பணம் வரவில்லை. சின்னராசு தன் பழைய கூத்துக் குழுவின் ஜமா வாத்தியார் துரைராஜிடம் போய் நின்றான்.

"உன் கையில குடுத்தா திரும்பி வந்துருமோன்னு ஊர்ல பயப்படறாங்கடா. எவன் குடுப்பான்?" என்றார் அவர்.

அதோடு செங்கல் சூளைக்குப் போனான். பகல் வேலை, அந்த நேரம் புரட்டிப் போட எல்லம்மாள் விழித்திருப்பாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அந்த வழியாகப் போனபோது அவன் வீட்டுக்குப் போனேன்.

"கூத்துக்குப் போறதே இல்லியா?"

"வூட்லதான் கீறேன் நர்சம்மா."

குரலில் வருத்தமும் இல்லை, பழைய சிரிப்பும் இல்லை. பாஞ்சாலியை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்தேன். எங்கேயும் சிவப்புக்கூட இல்லை.

"நல்லாப் பாத்துக்கற" என்றேன்.

அவன் தலையணையை உருவி, அவளை மறுபக்கம் புரட்டினான்.